புல் வளர்த்த கைகள்

1932 ஜூன் 25. லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியைத் தொடங்கிய நாள். முகமது நிஸாரின் வேகத்தில் ஹோம்ஸும் சட்கிளிஃபும் ஸ்டம்பைப் பறிகொடுத்துப் போனார்கள். மூன்றாவதாகப் போனவர் ஃபிராங்க் வூலி. அவரை எந்தப் பந்துவீச்சாளரும் வீழ்த்தவில்லை. ஓடிவந்து பந்தை அள்ளி எறிந்து அவரை ரன் அவுட் ஆக்கியவர் லால் சிங் என்ற இளைஞர். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியா எடுத்த மூன்றாவது விக்கெட்டே ஒரு ஃபீல்டரின் கையால் வந்தது.

இந்த லால் சிங் பிறந்தது கோலாலம்பூரில். மலேயாவில் கிரிக்கெட் கற்று, அங்கிருந்து இந்திய அணிக்கு வந்தவர். அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட்தான். பின்னாளில் கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப்பின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார் என்பது அவரைப் பற்றி நான் விரும்பி நினைவில் வைத்திருக்கும் செய்தி. வருடம் முழுக்க மழை பெய்கிற ஊர், வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற தரை. அந்தத் தரையில் விழுந்து எழுந்து பழகியவர் லார்ட்ஸில் விழப் பயப்படவில்லை.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "நம்ம ஆளுங்களுக்கு பேட்டிங் வரும், ஸ்பின் வரும், ஃபீல்டிங் மட்டும் வராது சார்" என்று டீக்கடையில், பள்ளியில், கம்பெனி பஸ்ஸில் காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். உடம்புவாகு அப்படி, சாப்பாடு அப்படி, ரத்தம் அப்படி என்று காரணங்களும் சொல்வார்கள். இதில் எதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. ஃபீல்டிங்கின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டே காரணங்கள்தாம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன: காலுக்குக் கீழே இருந்த தரை, பக்கத்தில் நின்று பந்தடித்துக் கொடுத்த பயிற்சியாளர்.

எங்கள் தரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று இன்று கம்பெனிகள் நிற்கும் இந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசன பூமி. வாலாஜாபாத் சாலையில் போனால் தென்னேரி. மறுபக்கம் போனால் செம்பரம்பாக்கம். நடுவில் ஊருக்கு ஒரு ஏரி, தாங்கல், குட்டை. தை அறுப்பு முடிந்தால் வயல்வெளி மைதானம். சித்திரையில் ஏரி வற்றினால் ஏரி மைதானம். அறுத்த தாளின் அடிக்கட்டை பாதத்தைக் குத்தும். ஏரித் தரை வெடித்துக் கிடக்கும்; வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து முகத்துக்கு வரும். புறம்போக்கில் ஆடினால் சரளை. இந்தத் தரையில் பையன்கள் தாங்களாகவே ஒரு ஃபீல்டிங்கைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பந்தைக் காலால் தடுப்பது, குதிக்கும் வரை காத்திருந்து எடுப்பது, பக்கவாட்டில் போனால் விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவது. ஒன் பிட்ச் கேட்சுக்கு அவுட் என்ற விதி இருந்ததால் கை மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. இடுப்புக்கு மேலே வரும் பந்தை இங்குள்ள பையன்கள் விட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. இடுப்புக்குக் கீழே, பக்கத்தில், டைவ் அடித்து எடுக்க வேண்டிய பந்து வந்தால் அவர்கள் உடம்பு கணக்குப் போடும். மொளச்சூர் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல எறி உள்ளவன், ஒருமுறை சரளையில் விழுந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து வந்தான். காயம் ஆறியது. அதற்குப் பிறகு அவன் டைவ் அடிக்கவே இல்லை. அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நாடு முழுக்க இதே நிலைதான் இருந்தது. அதனால்தான் இந்தியாவின் முதல் பெரிய ஃபீல்டிங் சாதனை மட்டைக்கு மிக அருகில் நடந்தது. அங்கே தரை பெரிதாகத் தேவைப்படவில்லை. கண்ணும் கையும் துணிச்சலும் போதும்.

1971, ஓவல். இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ் 101 ரன்னில் சுருண்டது, சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்கோர் அட்டையின் நடுப்பகுதியைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். லக்ஹர்ஸ்ட், வெங்கட்ராகவன் பிடித்தது. ஃபிளெட்சர், சோல்கர் பிடித்தது. ஆலன் நாட், வெங்கட்ராகவன் பந்தில் சோல்கர் பிடித்தது. அந்தக் கடைசிக் கேட்சின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: ஷார்ட் லெக்கில் நின்ற ஏக்நாத் சோல்கர் தரையோடு தரையாக நீண்டு கிடக்கிறார், மட்டைக்கு முன்னே கை போயிருக்கிறது. ஹெல்மெட் கிடையாது. அந்த வெற்றிதான் இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, முதல் தொடர் வெற்றி.

சோல்கர் ஆடியது 27 டெஸ்ட், பிடித்தது 53 கேட்ச். ஒரு டெஸ்ட்டுக்கு ஏறத்தாழ இரண்டு. விக்கெட் கீப்பரல்லாத ஃபீல்டர்களில், இவ்வளவு போட்டிகள் ஆடி இந்த விகிதத்தை எட்டியவர் வேறு எவருமில்லை. பிஷன் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நால்வரின் சுழலைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்த நால்வரின் விக்கெட்டுகளில் பெரும்பங்கு அருகில் நின்ற கைகளுக்கு உரியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோல்கரின் தந்தை பம்பாய் இந்து ஜிம்கானாவின் மைதானப் பணியாளர். அந்த மைதானத்து ஓரத்துக் குடிசையில்தான் குடும்பம் வாழ்ந்தது. மற்றப் பையன்கள் வாரத்தில் ஒருநாள் மிதிக்கும் புல் அவருக்கு வீட்டு வாசல். கோலாலம்பூர் லால் சிங்குக்கும் பம்பாய் சோல்கருக்கும் பொதுவாக நான் காண்பது இதைத்தான்.

நம் வெங்கட்ராகவனை விட்டுவிட்டுப் போக முடியாது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 57 டெஸ்ட்டில் 156 விக்கெட், 44 கேட்ச். பந்துவீச்சாளர் 44 கேட்ச் பிடிப்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். கல்லியில் நின்றால் அசையாமல் நிற்பார், பந்து வந்தால் மட்டும் கை அசையும் என்று சேப்பாக்கத்தில் அவரைப் பார்த்த பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1975-இல் முதல் உலகக் கோப்பைக்கு இந்திய அணியின் தலைவராகப் போனவரும் அவரே.

அந்த 1975 உலகக் கோப்பைதான் ஃபீல்டிங்கின் எல்லையை மட்டையருகிலிருந்து மைதானத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போனது. இறுதிப் போட்டியில் விவியன் ரிச்சர்ட்ஸ் பேட்டிங்கில் ஒன்றும் செய்யவில்லை. டர்னர், கிரெக் சாப்பல், இயன் சாப்பல் மூவரின் ரன் அவுட்டிலும் அவர் கை இருந்தது. அன்றைக்கு ஆஸ்திரேலியா மொத்தம் ஐந்து பேரை ரன் அவுட்டில் இழந்து 17 ரன்னில் தோற்றது. ஐம்பது, அறுபது ஓவர் ஆட்டத்தில் ஒவ்வொரு ரன்னும் காசு. அந்தக் காசைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அதுவரை யாரும் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

ஒருவர் மட்டும் தனக்குத் தானே நடத்திக்கொண்டார். தென்னாப்பிரிக்காவின் காலின் பிளாண்ட். 1965 லார்ட்ஸ் டெஸ்ட்டில் 91 ரன்னில் நின்ற கென் பாரிங்டனையும் பிறகு ஜிம் பார்க்ஸையும் நேராக ஸ்டம்பில் அடித்து ரன் அவுட் ஆக்கியவர். பிறவித் திறமை என்று ஊர் சொன்னது. அவரோ ஒரு ஸ்டம்பை நட்டுவைத்து மணிக்கணக்கில் எறிந்து எறிந்து பழகியவர். ஒரு குச்சி, ஒரு பந்து, நேரம். இதற்குப் பணம் வேண்டாம் என்பதால் நான் பள்ளியில் முதலில் எடுத்துக்கொண்ட பாடம் பிளாண்டின் பாடம்தான். உடைந்த பெஞ்சின் காலை நட்டு, பத்தடி, இருபதடி, நாற்பதடி என்று தூரத்தைக் கூட்டுவேன். பந்தை எடுத்த கையோடு எறியக் கூடாது. இடது தோள் குச்சியைப் பார்க்க வேண்டும், பின்னங்கால் ஊன்ற வேண்டும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழங்கை இறங்கினால் பந்து மேலே கிளம்பும், ஒரு வருடத்தில் தோளும் போகும். இதைப் பொறுமையாகச் சொன்னால் ஏழாவது படிக்கும் பிள்ளைக்கும் புரிகிறது.

இதைத் தனி ஆளின் பிடிவாதத்திலிருந்து அணியின் ஒழுக்கமாக மாற்றியவர் பாப் சிம்ப்சன். 62 டெஸ்ட்டில் 110 கேட்ச் பிடித்த ஸ்லிப் ஃபீல்டர். 1986-இல் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் ஆனபோது அந்த அணி தோற்றுத் தோற்றுத் துவண்டு கிடந்தது. அவர் தொடங்கியது ஃபீல்டிங்கில். மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று என்று ஆள் களைத்து உட்காரும் வரை அடித்துக் கொடுப்பார். நட்சத்திர ஆட்டக்காரர் என்று விதிவிலக்கு கிடையாது. ரன் ஓடுவதையும் அதோடு சேர்த்தே கற்றுக்கொடுத்தார்.

அதன் பலன் நம் ஊரிலேயே தெரிந்தது. 1987 அக்டோபர் 9, சேப்பாக்கம், உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம். ஜெஃப் மார்ஷ் 110 அடித்தார். இந்தியாவுக்கு ஸ்ரீகாந்த் 70, சித்து 73. 2 விக்கெட் இழப்புக்கு 207 என்று நின்ற அணி 269-இல் முடிந்தது. ஆஸ்திரேலியா 270. ஒரே ஒரு ரன். அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள், டீன் ஜோன்ஸ் அடித்த பந்துக்கு நடுவர் முதலில் நான்கு கொடுத்து, இன்னிங்ஸ் முடிந்த பிறகு அது ஆறாக மாற்றப்பட்டதைத்தான் பேசுகிறார்கள். இரண்டு ரன் போயிற்று என்று வருத்தப்படுகிறார்கள். பந்து கயிற்றைத் தாண்டி விழுந்திருந்தால் அது ஆறுதான். எனக்கு உறுத்துவது வேறு. இந்திய ஸ்கோர் அட்டையில் ரோஜர் பின்னி ரன் அவுட், மனோஜ் பிரபாகர் ரன் அவுட் என்று இரண்டு வரி இருக்கிறது. கடைசி நேர நெருக்கடியில் பதறாமல் பந்தை எடுத்து எறிகிற ஒரு அணி எதிரில் இருந்தது. அந்தப் பதற்றமின்மை பயிற்சியில் வந்தது. அவர்களே அந்த முறை கோப்பையையும் வென்றார்கள்.

1992-இல் பிரிஸ்பேனில் ஜான்டி ரோட்ஸ் பறந்துபோய் ஸ்டம்பைச் சாய்த்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கியது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த வருடம், 1993 நவம்பரில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் பிடித்த ஐந்து கேட்ச். ரோட்ஸ் நல்ல ஹாக்கி ஆட்டக்காரர். ஹாக்கி ஆடுகிறவன் குனிந்தே ஓடுகிறான். பந்தை எடுக்கத் தனியாகக் குனிய வேண்டியதில்லை. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்திலிருந்து போன எம்.ஜே. கோபாலனும் ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் நாட்டுக்கு ஆடியவர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஆட்டத்தையும் ஒரே பையன் ஆடுவது அன்றைக்கு இயல்பாக இருந்தது. ஹாக்கி மட்டை பள்ளிகளிலிருந்து மறைந்துபோனது கிரிக்கெட்டுக்கும் நஷ்டம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆஸ்திரேலியர்கள் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். மைக் யங் என்ற அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளரைக் கொண்டுவந்து ஃபீல்டிங்கை அவர் கையில் கொடுத்தார்கள். எறிவது, பந்தின் கீழே போய்ச் சேருவது, இருவர் சேர்ந்து ஒரு பந்தைத் துரத்துவது எல்லாம் பேஸ்பாலில் ஏற்கெனவே தீர்த்துவைக்கப்பட்ட கணக்குகள். நாட்டுக்கு நாடு முறை எவ்வளவு மாறுகிறது என்பதற்கு உயரக் கேட்ச் ஒன்றே போதும். இங்கிலாந்துப் பாடத்தில் இரண்டு கையையும் கிண்ணம்போல் சேர்த்து, விரல்கள் வெளியே நீட்டியிருக்க, நெஞ்சுக்கு நேரே பிடிப்பார்கள். பந்து கையில் பட்டதும் கையை நெஞ்சோடு இழுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியப் பாடத்தில் விரல்கள் வானத்தைப் பார்க்கும். உள்ளங்கை பந்தைப் பார்க்கும். கண்ணுக்கு நேரே, நெற்றிக்குச் சற்று முன்னால் பிடிப்பார்கள். பந்து கையில் விழும் கடைசி நொடி வரை கண்ணும் கையும் ஒரே கோட்டில் இருக்கும் என்பது அதன் பலம். இரண்டையும் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும்போது ஆஸ்திரேலிய முறையில் கையே கண்ணுக்குக் குடை. காலையில், பனி ஈரத்தில் பந்து வழுக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கிண்ணமே நல்லது. பிள்ளையின் கை அளவைப் பார்க்காமல் டிவியில் பார்த்ததைத் திணிக்கிற பயிற்சி முகாம்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனி ராபின் சிங். தமிழ்நாட்டு ஃபீல்டிங்கின் கதையில் நடுநாயகம் அவர்தான். டிரினிடாட் தீவில் பிரின்சஸ் டவுனில் 1963-இல் பிறந்தவர். 1984-இல் மெட்ராஸுக்குப் படிக்க வந்து, இங்கேயே ஆடி, இங்கேயே தங்கி, நம்மவரானார். 1987-88-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் இருந்தார். 1989-இல் இந்தியாவுக்கு ஆடி, பிறகு மறக்கப்பட்டு, 1996-இல் முப்பத்து மூன்று வயதில் திரும்பி வந்தார். சாதாரணமாக அந்த வயதில் ஆட்டக்காரரை ஃபைன் லெக்கில் ஒளித்துவைப்பார்கள். அவர் பாயின்ட்டிலும் கவரிலும் நின்று, முழங்கால் தேயத் தேய விழுந்து எழுந்தார். 136 ஒருநாள் போட்டிகள், 2,336 ரன், 69 விக்கெட். அவர் காப்பாற்றிய ரன்களுக்குக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றைய இந்திய அணியில் அசாருதீன், அஜய் ஜடேஜா, ராபின் மூவரைத் தாண்டிப் பந்து போனால் பாதி மைதானம் திறந்து கிடந்தது.

லால் சிங் மலேயாவிலிருந்து, ராபின் சிங் டிரினிடாடிலிருந்து. அறுபது வருட இடைவெளியில் இந்திய ஃபீல்டிங்கைத் தலைநிமிர்த்திய இருவர், நம்மைப்போன்ற ரத்தத்தோடு, வேறு தரையில் வளர்ந்தவர்கள். உடம்புவாகு என்று பேசுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இந்த இரண்டு பெயர்கள்.

2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றோடு வீடு திரும்பிய பிறகு ராபின் சிங்கை ஃபீல்டிங் பயிற்சியாளராகவும் வெங்கடேஷ் பிரசாத்தைப் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் அமர்த்தினார்கள். சில மாதங்களிலேயே டி20 உலகக் கோப்பை. டர்பனில் பாகிஸ்தானோடு ஆட்டம் சமனாகி, ஸ்டம்பை அடிக்கும் போட்டிக்குப் போனபோது சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் அடித்தார்கள். எதிரணியின் மூன்று பந்தும் ஸ்டம்பைத் தொடவில்லை. பயிற்சியிலேயே அதையும் ஆடிப் பழகியிருந்தது நம் அணி. இறுதிப் போட்டியில் 33 ரன்னில் அடித்து ஆடிக்கொண்டிருந்த இம்ரான் நசீரை உத்தப்பா நேரடி எறியில் ரன் அவுட் ஆக்கினார். இந்தியா வென்றது 5 ரன் வித்தியாசத்தில். 2009-இல் ராபினை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். அவர் போட்ட அடித்தளத்துக்கு உரிய மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை என்று சென்னையில் கிரிக்கெட் தெரிந்த பலரைப்போல நானும் நினைக்கிறேன்.

இதற்கிடையில் 2000-இல் பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி தொடங்கப்பட்டிருந்தது. முகமது கைஃப், யுவராஜ் சிங் என்று ஒரு தலைமுறை பாய்ந்து வந்தது. 2003 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராகக் கைஃப் ஒரே ஆட்டத்தில் நான்கு கேட்ச் பிடித்தார். ராபினுக்குப் பின் ட்ரெவர் பென்னி வந்தார். 2014 முதல் 2021 வரை ஹைதராபாத்தின் முன்னாள் இடக்கைச் சுழற்பந்துவீச்சாளர் ஆர். ஸ்ரீதர், பிறகு அதே ஊரின் டி. திலீப். முதல்தரப் போட்டி ஆடாத திலீப்பிடம் உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் குழந்தைகள் மாதிரி பாடம் கேட்கிறார்கள். 2023 உலகக் கோப்பையில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் சிறந்த ஃபீல்டருக்கு ஒரு பதக்கம் என்று அவர் கொண்டுவந்த வழக்கத்தை நாடே பார்த்தது. கோடிகளில் புரளும் ஆட்கள் அந்தச் சின்னப் பதக்கத்துக்காகக் கத்திக் கூச்சலிட்டார்கள்.

முதல் பதக்கம் யாருக்கு, எந்த ஊரில்? அக்டோபர் 8, அதே சேப்பாக்கத்தில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, விராட் கோலிக்கு. ஸ்லிப்பில் மிட்செல் மார்ஷை ரன் எடுக்காமல் அனுப்பிய கேட்ச் அதில் அடக்கம். பின்பு இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட் என்று தள்ளாடி, கோலி 12-இல் இருந்தபோது தூக்கியடித்த பந்தைத் தவறவிட்டவரும் மிட்செல் மார்ஷ்தான். கோலி 85 அடித்தார், ராகுல் 97, ஆட்டம் முடிந்தது. 1987-இல் அதே மைதானத்தில் சதமடித்து இந்தியாவைத் தோற்கடித்த ஜெஃப் மார்ஷின் மகன் இந்த மிட்செல். முப்பத்தாறு வருடத்தில் பதற்றம் எதிரணிப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் முரளிதரனின் பந்தில் மஹேல ஜயவர்தன பிடித்த 77 கேட்ச், ஒரு பந்துவீச்சாளருக்கும் கீப்பரல்லாத ஒரு ஃபீல்டருக்கும் இடையே டெஸ்ட்டில் அமைந்த மிகப் பெரிய கூட்டு. ஒரே இடத்தில் ஒரே ஆளை வருடக்கணக்கில் நிறுத்திவைத்ததன் பலன் அது. ஸ்லிப்பில் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் அணிகள் இதைப் பார்க்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் கஸ் லோகி 1986-இல் ஷார்ஜாவில் ஃபீல்டிங்குக்காக மட்டுமே ஆட்டநாயகன் விருது பெற்றார். அந்தப் பாரம்பரியம் அங்கே தொடரவில்லை. பாகிஸ்தானில் பந்துவீச்சு அருவியாகக் கொட்டியும் கேட்சுகள் ஒழுகிக்கொண்டிருந்தன. 2016-இல் ஆஸ்திரேலியர் ஸ்டீவ் ரிக்ஸன் வந்த பிறகுதான் ஒழுங்கு தெரிந்தது, 2017 சாம்பியன்ஸ் டிராஃபியும் கைக்கு வந்தது. பயிற்சியாளர் போனதும் பழக்கமும் போய்விட்டது. பள்ளி அளவில் விதைக்காததை உச்சியில் ஒருவரைக் கொண்டுவந்து நட முடியாது.

பெண்கள் கிரிக்கெட்டில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடந்திருக்கிறது. 2025 நவம்பர் 2, நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அமன்ஜோத் கவுர் நேரடி எறியில் தஸ்மின் பிரிட்ஸை ரன் அவுட் ஆக்கி முதல் விக்கெட்டை எடுத்தார். பிறகு, சதமடித்து நின்ற லாரா வோல்வார்ட் தூக்கிய பந்தை, கையில் பட்டுத் தெறித்துத் தெறித்து விழப்போனதை விடாமல் பிடித்தார். அந்த இரண்டு கணங்களில் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். ஷிஃப்ட் விட்டதும் பஸ் ஏறி ஹாஸ்டல், ஹாஸ்டலிலிருந்து பஸ் ஏறி ஷிஃப்ட். மறுநாள் அவர்களில் சில பேர் பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தக் கேட்சைக் கையால் செய்து காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பள்ளியில் கபடியும் கோ-கோவும் ஆடியவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். ஓடி ஆட ஒரு இடம் அவர்களுக்கு இந்த ஊரில் இல்லை.

1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தத் தொழில் தடம் வளர்ந்ததை முழுக்கப் பார்த்திருக்கிறேன். வேலை வந்தது; அதைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் படித்த பலர் இந்தக் கம்பெனிகளில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பையன்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஆடுகிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வந்து ஆடுகிறவர்களும் உண்டு. ஆனால் வயல்கள் மனையாகிவிட்டன, மேய்ச்சல் புறம்போக்கில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மிச்சமிருப்பது வற்றிய ஏரியும் சரளையும்தான். ஒரு பையன் டைவ் அடித்துத் தோள்பட்டை எலும்பு முறிந்தால் அடுத்த ஒன்றரை மாதம் லைனில் நிற்க முடியாது. கான்ட்ராக்ட் வேலை என்றால் அந்தச் சம்பளமும் போயிற்று. அவனை விழு என்று நான் எப்படிச் சொல்வேன்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டு வளர்ந்த நடராஜன், 2023-இல் தன் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்துத் திறந்தார். ஒரு தனி மனிதர், தன் சம்பாத்தியத்தில். இங்கே உலகப் பெயர் பெற்ற கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வளாகத்துக்குள்ளும் பசுமைப் பகுதி இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சி, மிஷின் வைத்து வெட்டிய அழகான புல். அதில் யாரும் ஓடுவதில்லை. சிப்காட் நிர்வாகத்துக்கும் ஊராட்சிகளுக்கும் கம்பெனி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்காவது நான்கு ஏக்கர் ஒதுக்குங்கள். கட்டடம் வேண்டாம், கேலரி வேண்டாம், பெயர்ப்பலகைகூட உங்கள் விருப்பம். மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, புல் நட்டு, உங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரு குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். கல் பொறுக்கவும் புல் வெட்டவும் எங்கள் பிள்ளைகள் வருவார்கள். பக்கத்தில் நின்று பந்தடித்துக் கொடுக்க நான் வருகிறேன்.